பாலோ படத்தில் விழுந்த மூட்டம்

ஸ்கூடாயில் ஒரு தனியார் கல்லூரியின் புகைப்படத் துறையில் இருட்டறை உதவியாளனாகச் சேர்ந்து, இருட்டறைப் பொறுப்பாளனாக வெளியே வந்தேன். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். நான் ஓய்வு பெற்றபோது அங்கே பிலிம் கழுவ ஆள் இல்லை. மருந்துத் தட்டுகளை அடுக்கிக் கட்டி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆறே ஆண்டுகளில் பிள்ளைகள் அவற்றை மறுபடி கீழே இறக்கிவிட்டார்கள். பிலிமில் எடுப்பதுதான் இப்போது பெருமையாம்.

போன மாதம் அவர்களுடைய குழுவின் செயலாளர் கவிதா என்கிற பெண் வாட்சாப்பில் பேசி அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், ஊசித்துளை கேமராவுக்கு எந்த பிலிம் சைஸ் நல்லதுன்னு எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க லா. 35-ஆ, 120-ஆ, ஷீட் பிலிமான்னு இங்க ஒரே சண்டை. இன்னொண்ணு அங்கிள், முன்னால ஹால்ல ஒரு பாலோ ரயில் ஸ்டேஷன் படம் மாட்டியிருக்குல்ல, அதுல அந்த மூட்டம் எப்படி வந்துச்சு? கீழ யூசுப்னு பேர் போட்டிருக்கு. தெரிஞ்சா அதையும் எழுதுங்க."

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். 120 என்கிற அகல ரோலை வாங்குங்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் அப்போது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எங்கள் மேலதிகாரி மிஸ் தெய்வானை. இன்னொருவன் நான். படத்தை எடுத்த யூசுப்புக்குத் தெரியாது. அவனுக்குச் சொல்லாமல் மலரில் எழுத மனம் வரவில்லை. அதனால் முதலில் அவனைப் போய்ப் பார்த்தேன். அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நானும் யூசுப்பும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் குளுவாங்கில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். அவனுடைய அத்தா யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து இங்கே வந்திருந்தான். மருந்து கலக்குவது, தட்டை ஆட்டுவது, படத்தைக் காயப்போடுவது எல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிட்டோம்.

மிஸ் தெய்வானை இங்கே வருவதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் அறையில் பல வருடம் இருந்தவர். இடுப்பில் ஒரு சின்ன துவாலையை ஊக்கு போட்டுக் குத்தியிருப்பார். ஈரக்கையால் எதையும் தொட மாட்டார். கும்மிருட்டில் சுவரைத் தடவாமல் நேராக நடந்து போய்ச் சரியான தட்டின் முன்னால் நிற்பார். யாரையும் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. நாம் என்ன செய்தாலும் ஒரே ஒரு சொல் கேட்பார். "காரணம்?" ஏன் இந்தத் தாள், ஏன் இத்தனை நிமிடம், ஏன் இந்தத் தண்ணீர்ச் சூடு. காரணம் சொல்ல முடியாவிட்டால் வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். சரியாகச் சொன்னால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைப்பதற்காக நான் மதியச் சாப்பாட்டை விட்ட நாட்கள் உண்டு.

ஊசித்துளை கேமரா என்பது லென்ஸ் இல்லாத பெட்டி. ஒரு பக்கம் துளை, எதிர்ப் பக்கம் பிலிம், அவ்வளவுதான். மாணவர்களுக்குப் பாடமாக இருந்ததால் துளை போடுவதை நாங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குளிர்பான டின்னில் ஒரு சதுரம் வெட்டி, ஊசி முனையை வைத்து அழுத்தாமல் திருகி, மறுபக்கம் எழும் மேட்டை மிக மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு மிஸ் அதை என்லார்ஜரில் வைத்து, பத்து மடங்கு பெரிதாகப் பலகையில் விழ வைத்து, அடிக்கோலால் அளப்பார். நான்கு மில்லிமீட்டர் வந்தால் உண்மையில் துளை புள்ளி நான்கு.

என் துளை பதினோராவது முயற்சியில்தான் தேறியது. யூசுப்புக்கு நான்காவதிலேயே வந்துவிட்டது. பலகையில் நிலா மாதிரி வட்டமாக விழுந்தது. மிஸ் "ம்" என்றார். என்னுடையதைப் பார்த்து, "பிசிறு இருக்கு. தேய்," என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது எனக்குள் அந்த எரிச்சல். யூசுப் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தன் ஊசியை என்னிடம் கொடுத்து, "இதை வச்சுப் பாரு குணா, முனை நல்லாருக்கு," என்றான். அதையும் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு எதுவும் பெரிதில்லை. பாராட்டைக்கூடக் கவனிக்க மாட்டான். நான் பசித்துக் கிடந்த பந்தியில் அவன் பாதிச் சோற்றை இலையில் வைத்துவிட்டு எழுந்து போவது போல இருக்கும்.

பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வந்தது. முன் மண்டபச் சுவரில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு படம் வேண்டும், அது நம் துறையின் ஊசித்துளைப் படமாக இருக்கட்டும் என்று நிர்வாகம் கேட்டது. மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் எடுங்க. நல்லது மண்டபத்துக்குப் போவும். எந்த பிலிம்ல எடுக்கப் போறீங்க? காரணம்?"

நான் முந்திக்கொண்டேன். "35 மில்லி, மிஸ். ஒரு ரோல்ல முப்பத்தாறு படம். நேரக் கணக்கு தப்புனாலும் ஒண்ணாவது தேறும்."

யூசுப் தலையைச் சொறிந்தான். "நான் ஷீட் பிலிம் போடுறேன் மிஸ். நாலுக்கு அஞ்சு இஞ்சுத் தனித் தாள். அஞ்சடிக்கு இழுக்கணும்ல."

மிஸ் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஊசித்துளைப் படத்தில் எந்தப் புள்ளியும் துளையின் அளவுக்குக் குறைவாகத் தெளியாது. 35 மில்லி பிலிமை ஐந்தடிக்கு இழுக்க நாற்பத்திரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். ஷீட் பிலிமைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். சின்ன பிலிமுக்குத் துளையும் சின்னதுதான் என்றாலும் ஈடுகட்டாது.

"உன் படத்துல ஒவ்வொரு புள்ளியும் கொண்டைக்கடலை சைஸ் இருக்கும் குணா. அவன் படத்துல பச்சைப்பயறு," என்றார்.

"தூரத்துல நின்னு பாக்குற படம்தானே மிஸ்."

"ம்ஹும். அது காரணம் இல்ல, சாக்கு."

அப்போதே 120 என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். ரோலுக்கு எட்டுப் படம், அகலமும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மாற்றினால் யூசுப் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். 35-ஐயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி ஈஸ்வரியின் அக்கா பாலோவில் இருந்தார். அந்த ஊர் ரயில் நிலையத்தை எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதை யூசுப்பிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "நானும் உன் கார்லயே வந்துர்றேன். மோட்டார்ல ஸ்டாண்ட வச்சுக்கிட்டு வர முடியாது," என்றான். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் போனோம்.

வானம் மூடியிருந்தது. நடைமேடையின் தகரக் கூரைக்கடியில் வெளிச்சம் மட்டாக இருந்தது. நான் என் சின்னப் பெட்டியோடு தண்டவாளம், சிக்னல் கம்பம், டிக்கெட் சன்னல் என்று எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினேன். யூசுப் மரப்பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அது ஆடாமல் இருக்கக் கல் நிரப்பிய பையைக் கீழே கட்டித் தொங்கவிட்டு, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் பிலிம் செருகும் ஹோல்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்பக்கம் ஒரு பிலிம், பின்பக்கம் ஒரு பிலிம். இரண்டே படம்.

அரை மணி கழித்து ஈஸ்வரியிடம் போனான். "அண்ணி, அந்த பெஞ்சில எட்டு நிமிஷம் ஆடாம உக்கார முடியுமா?"

"எட்டு நிமிஷமா?"

"வெளிச்ச மீட்டர் ரெண்டு நிமிஷம்னு காட்டுது. ஆனா ரொம்ப நேரம் வெளிச்சம் பட்டா பிலிமுக்கு அசதி வந்துரும். அதுக்கும் சேர்த்து எட்டு."

ஈஸ்வரி சிரித்தாள். அவள் ஒரு தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் சில்லுகளைச் சோதிக்கிற வேலை பார்த்தவள். ஒரு ஷிப்ட் முழுவதும் தலையை அசைக்காமல் உட்கார்ந்து பழகியவள். "அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவரு கேட்டதே இல்ல," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. என் சம்பாத்தியமே படத்தில்தான். நான் அவளை உட்கார வைத்து ஒரு படம் எடுத்ததில்லை.

யூசுப் துளையின் மூடியை நீக்கினான். அந்த எட்டு நிமிடமும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடைமேடையில் மேலும் கீழும் நடந்தேன். ஈஸ்வரியிடம் போய், "கால் மரத்துப் போவலியா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் விலகி நடந்தபோது தலை மெல்லத் திரும்பியது. மூடியைப் போட்ட பிறகு யூசுப், "அண்ணி, முகம் திரும்பிட்டீங்க," என்றான்.

"இன்னொரு தடவ எடு தம்பி. இந்தத் தடவ யாரு வந்தாலும் பாக்க மாட்டேன்," என்றாள் அவள்.

இரண்டாவது தடவை நடுவில் ரயிலே வந்து நின்று அரை நிமிடத்தில் கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி அவள் முன்னால் நடந்து போனார்கள். நானும் இரண்டு முறை குறுக்கே போனேன். அவள் அசையவே இல்லை.

திங்கட்கிழமை காலை யூசுப் முகம் வெளுத்துப்போய் வந்தான். அத்தா குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. உடனே யோங் பெங் போக வேண்டும். ஹோல்டரை என் கையில் கொடுத்தான்.

"கலக்குன மருந்து ரொம்ப நாள் தாங்காது குணா. நீயே கழுவிரு. நீ கழுவுனா எனக்கு பயமில்ல."

அன்று மதியம் கழுவினேன். தண்ணீரை ஐஸ் போட்டு இறக்கி, விளக்கை அணைத்து, முதல் பிலிமை டெவலப்பர் தட்டில் இட்டேன். எட்டு நிமிடம் ஆட்டி, நிறுத்தும் மருந்தில் முக்கி, படத்தை நிலைக்க வைக்கும் பிக்ஸரில் போட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பெஞ்சு, சேலை மடிப்பு, கூரைத் தகரத்தின் வரிகள் எல்லாம் நிறுத்தி எழுதியது போல இருந்தன. முகம் மட்டும் திரும்பியதால் கலைந்திருந்தது. நான் அந்த எட்டு நிமிடமும் அந்தப் பெட்டியின் பார்வைக்குள்தான் நடந்தேன். ஒரு நிழல்கூட இல்லை. நகர்ந்துகொண்டே இருப்பவனை அந்தத் துளை சேர்த்துக்கொள்வதில்லை. இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்கு அது யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

என் இரண்டு ரோல்களையும் அதற்கு முன்பே கழுவிப் பார்த்திருந்தேன். எழுபத்திரண்டு படம். ஒன்றுகூட நிற்காது.

மறுபடி விளக்கை அணைத்தேன். இரண்டாவது பிலிமை டெவலப்பரில் இட்டேன். இதில் முகம் கலைந்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஆட்டிக்கொண்டே நின்றேன். நாலு நிமிடம் வரைக்கும் நல்லவனாக இருந்தேன். பிறகு ஈரக்கையோடு போய்க் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூடினேன். கதவுக்கு உள்ளே கறுப்புத் திரை இருந்தது. அதையும் மீறி வந்த வெளிச்சம் போதும். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல மீதி நேரத்துக்கும் தட்டை ஆட்டினேன்.

விளக்கைப் போட்டபோது பிலிம் முழுக்கச் சாம்பல் மூட்டம். ஆனால் படம் சாகவில்லை. மூட்டத்துக்கு அடியில் அவள் இருந்தாள். கண்ணைத் தாழ்த்தி, வாயை லேசாக மூடி, யாருக்காகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ரயில் இல்லை, இறங்கியவர்கள் இல்லை, நான் இல்லை. ஒன்பது வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மிஸ் வந்தபோது, "ஹோல்டர்ல வெளிச்சம் பூந்துருக்கு மிஸ்," என்றேன்.

அவர் துவாலையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிலிமை நக நுனிகளால் மூலையில் பிடித்து, அடியில் விளக்கெரியும் ஒளிப்பெட்டியின் மேல் வைத்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியால் நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன் பிறகு காலி ஹோல்டரை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார்.

"பிலிமோட ஓரம் இந்தத் தகட்டுக்கு அடியில போவும். ஹோல்டர்ல ஓட்டை இருந்தாலும், பெட்டியில ஓட்டை இருந்தாலும், தகட்டுக்கு அடியில இருக்கிற ஓரம் மட்டும் கண்ணாடியா இருக்கும். இங்க பாரு. ஓரமும் அதே சாம்பல்."

நான் ஓரத்தைப் பார்த்தேன்.

"வெளிய எடுத்த பிறகு பட்ட வெளிச்சம். ஆஸ்பத்திரியில இது மாதிரி ஒரு பிலிம் கெட்டுப்போனா நோயாளிய மறுபடி கூப்பிட்டு இன்னொரு தடவ கதிர் அடிக்கணும். அதனால எங்களுக்கு ஓரம் பாக்கச் சொல்லித் தந்தாங்க." பூதக்கண்ணாடியை மடித்து வைத்தார். "காரணம்?"

என் வாழ்க்கையில் அவர் கேட்ட காரணங்களில் நான் உண்மையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "அவனுக்கு எல்லாம் வருது மிஸ்," என்றேன்.

அவர் ஒளிப்பெட்டியை அணைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பழுப்புப் புட்டியை எடுத்தார். உள்ளே கற்கண்டு போலச் சிவப்பு உப்பு. அதைக் கரைத்து பிக்ஸரோடு கலந்தால் பிலிமின் கறுப்பைத் தின்னும். மூட்டத்தை முதலில் தின்னும். ஒரு வினாடி கூடினால் படத்தையும் தின்றுவிடும்.

"நீ போட்டத நீயே எடு," என்றார்.

இரண்டு நாள் வேறு பிலிம்களை வேண்டுமென்றே கெடுத்து எனக்குப் பழக்கம் கொடுத்தார். மூன்றாம் நாள் ஈஸ்வரியின் பிலிம். ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தேன். மஞ்சள் கரைசலில் பத்து வினாடி. எடுத்து ஓடும் தண்ணீரில் காட்டி, ஒளிப்பெட்டியில் பார்த்தேன். மறுபடி பத்து வினாடி. மிஸ் பக்கத்தில் நின்று கடிகாரத்தை மட்டும் பார்த்தார். நாலாவது முறை தோள் தெரிந்தது. ஆறாவது முறை கழுத்துச் சங்கிலி. அந்த முகத்தை நான்தான் வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தேன். அது யூசுப்பின் படமாகத்தான் வரப்போகிறது என்பதும் தெரிந்தது. ஒவ்வொரு பத்து வினாடிக்கும் இரண்டும் சேர்ந்தே நெஞ்சில் ஏறின. ஒன்பதாவது முறைக்குக் கையை நீட்டியபோது மிஸ், "போதும்," என்றார்.

மூட்டம் முழுக்கப் போகவில்லை. நிழல் விழுந்த இடங்களில் மெல்லிய பனி போலத் தங்கிவிட்டது. பாதி கழுவலில் வெளிச்சம் பட்டதால் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் இழுத்தது போல ஒரு நூல்கோடும் வந்திருந்தது. பெரிதாக இழுத்து ஈரத்தோடு தொங்கவிட்டபோது மிஸ் அதன் முன்னால் நின்றார். "ம்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"யூசுப்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீ," என்றார். அவர் ஓய்வு பெற்றுப் போகும் நாள்வரை அதை மறுபடி எடுக்கவில்லை.

யூசுப் ஒரு வாரம் கழித்து வந்து படத்தைப் பார்த்தான். "அலமாக், பனியா இருந்துச்சு அன்னைக்கு?" என்றான். இருந்திருக்கும், பிலிமை நல்லபடியாகக் கழுவிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டி, "உன்கிட்ட குடுத்தது நல்லதாப் போச்சு," என்றான்.

படம் மண்டபத்தில் ஏறியது. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது அந்த மூட்டத்தைப் பற்றித்தான். ஈஸ்வரி கல்லூரிக்கு வரும்போதெல்லாம் அதன் முன்னால் சற்று நிற்பாள். "யூசுப் தம்பிக்கு என்னா பொறும," என்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஓராண்டுக்குள் அவனுக்கு சிங்கப்பூரில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. ஏழு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, அத்தா மறைந்த பிறகு கடைக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு நான் ஷீட் பிலிமைத் தொடவில்லை. 35-க்குத் திரும்பவும் மானம் இடம் கொடுக்கவில்லை. அப்படித்தான் 120-க்கு வந்தேன். பிள்ளைகளே, 35 மில்லியில் துளையையும் நேரத்தையும் பழகலாம், பெரிதாக இழுக்க முடியாது. ஷீட் பிலிம் எல்லாவற்றையும் கொடுக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்வையும் தூசியும் ஒட்டும், இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. 120 நடுவில் நிற்கும். பெட்டியின் பின்னால் எண் பார்க்கும் சிவப்புச் சன்னலுக்கு மட்டும் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், நம் வெயில் அதன் வழியாகவும் நுழையும். இந்தப் பதில் சரியானதுதான். ஆனால் நான் அதற்கு வந்து சேர்ந்த வழி சரியானதல்ல.

யோங் பெங்குக்கு நான் போனது ஒரு சாயங்காலம். யூசுப் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு தே தாரிக் சொல்லி, மூலை மேசையில் உட்கார வைத்தான். அண்ணி சுகமா, பிள்ளைங்க எங்க என்று கேட்டான். நான் தேநீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, இரண்டு விரல், மிஸ் பார்த்த ஓரம், சிவப்பு உப்பு.

அவன் கிளாசைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"சிங்கப்பூர் வேலையே அந்தப் படத்தக் காட்டித்தான் கெடச்சுது," என்றான். "போன மொத வாரமே மொதலாளி கேட்டாரு, இதே மாதிரி இன்னும் பத்து எடுத்துக் குடுன்னு. எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியாது. பாலோவுல அன்னைக்குப் பனி இருந்துருக்கு, நாமதான் பாக்கலன்னு நெனச்சேன். ஒம்போது தடவ போனேன் குணா. பனி எறங்குற காலையாப் பாத்து. ஒண்ணுலயும் வரல."

"யூசுப்—"

"இரு. மிஸ்கிட்டயும் கேட்டேன். குணாகிட்ட கேளுன்னாங்க. உன்கிட்ட போன்ல கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பனியாத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

"ஏழு வருஷம் தேடுனேன். நம்ம எடுத்த ஒரே நல்ல படம் தானா வந்தது, நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு முடிவாயிருச்சு. அப்புறம்தான் இங்க வந்து உக்காந்தேன். அத்தா போனதுனால இல்ல."

நான் கெடுத்தது ஒரே ஒரு பிலிம், அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டேன் என்றுதான் இருபத்து நான்கு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். "மன்னிச்சிரு," என்றேன்.

யாரோ பார்சல் கேட்டார்கள். எழுந்து போய் அவனே கட்டிக் கொடுத்தான். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். அவன் திரும்பி வந்தபோது கையில் ஆர்டர் எழுதும் புத்தகம் இருந்தது. ஒரு தாளைப் பின்பக்கம் திருப்பி மேசையில் வைத்தான்.

"டெவலப்பர்ல போட்டு எத்தனாவது நிமிஷம் தொறந்த?"

"நாலு முடிஞ்சு."

"காரிடார்ல லைட்டு?"

"லைட்டு போடல. சன்னல் வெளிச்சம் மட்டும். மத்தியானம்."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனியே, மெதுவாவா?"

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். ஒன்று. இரண்டு. அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை தட்டச் சொன்னான். தட்டினேன். எழுதிக்கொண்டான்.

"ஷீட் பிலிம் இப்ப எங்க கெடைக்குது?"

"காலேஜ் பிள்ளைங்களுக்குத் தெரியும். கவிதான்னு ஒரு பொண்ணு இருக்கு."

"கேட்டுச் சொல்லு."

குனிந்த தலையோடு எழுதிக்கொண்டே இருந்தான். கோபமா இல்லையா என்றுகூட எனக்குக் காட்டவில்லை. கடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் காதில் அது விழவில்லை. எனக்கு இப்போது எதையும் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. தோன்றி ஆறு வருடம் ஆகிறது. இவனுக்கு இந்த வயதிலும், இவ்வளவையும் கேட்ட பிறகும், முதலில் எழுந்தது ஆசைதான். அந்தப் பழைய எரிச்சல் மறுபடி வந்தது.

"தண்ணி என்ன சூடு?" என்றான், தலை நிமிராமல்.

ஒரு எண் தவறாகச் சொன்னால் போதும். அவனுக்கு அது மறுபடியும் வராது. மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் வராது. யாருக்கும், மிஸ்ஸுக்குக்கூட, அதன் ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"என்னா குணா, மறந்துட்டியா?"

"இருபத்தி நாலு," என்றேன். "ஐஸ் போட்டு எறக்குனது."

அது சரியான எண்தான்.